ஆறாவது பிரசவம்

அக்காவுக்கு ஐந்தும் சுகப்பிரசவம். கடைசிப் பையன் பிறந்தபோது ஆட்டோவிலிருந்து இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்ததுதான் தெரியும், குழந்தை வந்துவிட்டது. அதனால் ஆறாவது உண்டானது தெரிந்தபோதும் அவளுக்குப் பயமே இல்லை. முப்பத்தொன்பது வயது. தீட்டு நிற்கிற காலம் என்று நினைத்து முதல் ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டாள்.

நகரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"ரத்தம் ரொம்பக் கம்மி. இத்தனை பெத்த உடம்புக்குக் குழந்தை சுலபமா வந்துடும். அப்புறம்தான் ஆபத்து. பத்து நாள் முன்னாடியே திருப்பதி பெரியாஸ்பத்திரியில சேர்ந்துடணும்."

வெளியே வந்ததும் அக்கா சிரித்தாள். "அஞ்சு பெத்தவளுக்கு இந்தம்மா சொல்லிக் குடுக்குது. நான் அங்க படுத்துக்கினு இருந்தா பசங்க என்னத்தத் துன்னும்?"

வீட்டில் மாமா, அக்கா புருஷன், அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்பே, ஒரு காலையில், விசைத்தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கும்போது வலி வந்தது. திருப்பதிக்குப் போக நேரமில்லை. நகரியிலேயே அரைமணியில் பெண் குழந்தை.

நான் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். நர்ஸ் அக்காவின் அடிவயிற்றை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். முகம் மாறியது.

"மேடம், கர்ப்பப்பை சுருங்கிக் கெட்டியாகல."

கட்டிலுக்கடியில் சொட்டிக்கொண்டிருந்த ரத்தம் ஒழுக ஆரம்பித்தது. அக்காவுக்கு வலி இல்லை. கூச்சல் இல்லை. குழந்தையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

ஊசி மேல் ஊசி போட்டும் நிற்காததால் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழி முழுக்க நர்ஸ் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. சித்திரை வெயிலில் அக்கா, "குளுருதுடி" என்றாள். புத்தூர் தாண்டியதும், "லைட்ட ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். வெளியே பட்டப்பகல்.

திருப்பதியில் மாமாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டுமாம். "பிழைச்சிக்குவாளா?" என்று மாமா தெலுங்கில் கேட்டார். டாக்டர் பேனாவை நீட்டினார். நான் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மாமா அதே இடத்தில், அதே மாதிரி நின்றிருந்தார்.

சாயங்காலம்தான் டாக்டர் வெளியே வந்தார். "திரும்பத் திரும்ப விரிஞ்ச பை. சுருங்கத் தெம்பில்லை. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அக்கா பிழைத்தாள். மூன்றாம் நாள்தான் ஆளை அடையாளம் தெரிந்து பேசினாள். ஆனால் பால் சுரக்கவேயில்லை. அவ்வளவு ரத்தம் போனால் சிலருக்கு அப்படி ஆகுமாம். குழந்தையை நான் எடுத்துப்போய்ப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். இப்போது அது என்னைத்தான் அம்மா என்கிறது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது அவளுக்கு. "அப்படியே கூப்புடட்டும் வுடு" என்கிறாள்.