புஷ்பம் அக்கா தந்த நாற்று

செவ்வாய்க்கிழமை காலை சின்னக்கானலிலிருந்து அக்கா மகள் ஸ்டெல்லா அழைத்தாள். “மாமா, அம்மா டீ குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வச்சாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க.” பாலக்காட்டுச் சித்தூரில் என் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். என்னுடன் பிறந்த புஷ்பம் அக்கா போய்விட்டார்.

தேயிலைத் தோட்டத்தில் அவருடன் கொழுந்து கிள்ளிய உங்களுக்கு அவருடைய கையின் வேகம் தெரியும். எனக்கு அவர் செய்தது பலருக்குத் தெரியாது, சொல்லவும் விடமாட்டார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரத்தப் புற்றுநோய். உடன்பிறந்தவரின் ஸ்டெம் செல், அதாவது குருத்தணு, பொருந்தினால் பிழைக்கலாம் என்றார்கள். அக்காவுடையது பொருந்தியது. நான் உயிரியல் வாத்தியார் அல்லவா, அக்காவுக்கு விளக்கத் தொடங்கினேன்: எலும்பு மஜ்ஜையிலுள்ள இந்த அணுக்கள் தாமும் பெருகும், சிவப்பணு, வெள்ளையணு எல்லாமாகவும் மாறும், கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை மறுபடி தளிர்ப்பது போல. அக்கா சிரித்தார். “ஏலே வாத்தியாரே, வேரழுகுன செடியைக் கவாத்து பண்ணுனா தளிர்க்குமா? பிடுங்கிட்டு நாத்துதான் வைக்கணும். என்கிட்ட எடுக்கிறது நாத்து.” இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு இவ்வளவு சரியான உதாரணம் தோன்றியதில்லை.

மருந்து கொடுத்து என் மஜ்ஜையை அழித்துவிட்டார்கள். இனி அக்காவின் அணுக்கள் வந்தால்தான் நான் உண்டு. அவற்றை எலும்பிலிருந்து இரத்தத்துக்கு வரவழைக்க அவருக்கு நான்கு நாள் ஊசி. ஐந்தாம் நாள், அவர் இரத்தத்திலிருந்து இயந்திரம் அணுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மயங்கிவிட்டார். இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஊசி தொடங்கிய நாள்முதல் ஒருசந்தி! எனக்காக மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, டாக்டரிடம் சொல்லாமல், ஒருவேளை மட்டுமே சாப்பிட்டிருக்கிறார். கூட இருந்த ஸ்டெல்லா பிறகு சொன்னாள். “சேச்சி, தம்பியைக் காப்பாத்தானோ வந்தது, கொல்லானோ?” என்று மலையாளி நர்ஸ் அரைத் தமிழில் அதட்டினாராம். கண் விழித்த அக்கா, “மாதாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ கஞ்சியைக் கொண்டா தாயி” என்றாராம். இரண்டு கிண்ணம் குடித்தபின் இயந்திரம் மறுபடி ஓடியது.

ஒரு சிறிய பை, சிவப்பாக. அதிலிருந்து என் நரம்பில் இறங்கிய அணுக்களுக்கு யாரும் வழி சொல்லவில்லை. உடலெங்கும் சுற்றி, தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறின. பதினேழாம் நாள் வெள்ளையணுக்கள் தலைகாட்டின. இதையெல்லாம் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் வரைந்து காட்டியவன் நான். அன்று அந்த எண்ணிக்கையை நர்ஸிடம் மூன்று முறை கேட்டேன்.

நோய்க்கு முன் என் இரத்த வகை பி. இப்போது ஓ, அது அக்காவுடையது. செவ்வாய்க்கிழமை அவருடைய இதயம் நின்றது. அவர் தந்த அணுக்கள் இந்த வரியை நான் எழுதும்போதும் என் எலும்புக்குள் புது இரத்தம் ஆக்கிக்கொண்டிருக்கின்றன. அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.