கேசட்டுக்கு வைத்த பொட்டு

என் கணவரும் அவர் தம்பி செல்வமும் சிறுவயதில் விளையாடிய வீடியோ கேம் கேசட் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. செல்வம் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். பழைய கேம் பெட்டி பழுதாகிப் பல காலம் ஆனதால், அந்தக் கேசட்டைப் போடக்கூடிய புதுப் பெட்டி ஒன்றைச் சில வருடங்களுக்கு முன் இவர் வாங்கினார். மேகங்கள் மிதக்கும் திரையில், அதிகப் புள்ளி எடுத்தவராகக் கேசட்டுக்குள் பதிந்திருந்த செல்வத்தின் பெயர் வந்து நின்றது. நான் பார்த்தேயிராத கொழுந்தனார் வாசலில் வந்து நிற்பது போலிருந்தது.

அந்த ஆயுத பூஜைக்கு மிக்ஸி, தையல் மிஷின், பைக் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், கேசட்டையும் விடவில்லை. பல்வரிசை போல மின்னிய பக்கம்தான் முகம் என்று நினைத்து, அங்கே சந்தனத்தைக் குழைத்து வைத்தேன்.

மறுநாள் இவர் கவனிக்காமல் அதைப் போட்டுவிட்டார். திரை முழுக்க வண்ணக் கட்டங்கள் பூ உதிர்வது போலக் கொட்டின. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. இவர் முகம் வெளுத்துவிட்டது.

"படம், பேரு அம்புட்டும் அந்தப் பல்லு வழியாத்தான் போயிட்டு வருது. தம்பி பேரு அழிஞ்சிருச்சோ என்னமோ."

"தெரியாம வச்சுட்டேங்க."

"நல்லதுக்குத்தான வச்ச, விடு," என்றவர், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தார்.

வீட்டிலிருந்து தெரியும் திருப்பரங்குன்றம் மலையில் வெயில் மங்கும்வரை காயவிட்டு, மறுபடி போட்டோம். மேகங்கள் வந்தன. அப்புறம் மெதுவாகச் செல்வமும் வந்தார்.

இப்போதெல்லாம் நான் கேசட்டுக்குப் பொட்டு வைப்பதில்லை. ஆயுத பூஜையன்று அந்தப் பெயரைத் திரையில் வரவழைத்துவிட்டு, தள்ளி நின்று சூடம் காட்டுகிறேன்.

- மு. ஈஸ்வரி, திருப்பரங்குன்றம்