எழும்பி நின்ற வரிசை

இந்த நாட்டில் வாத்தியார் வகுப்புக்குள் வந்தால் ஒருவரும் எழும்புவதில்லை. எங்கள் மகள் ஆரணி தன் கணித ஆசிரியரை ‘ழீல்’ என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அதுவும் வாயில் சூயிங்கத்தோடு. மொன்றியலுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அதைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பள்ளிக்கூட அதிபரைச் சந்தையில் கண்டாலே சைக்கிளை விட்டு இறங்கி, அவர் மீன் விலை பேசி முடியும்வரை நின்றவர்கள்.

ஆரணி கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறாள். அங்கே கூடைப்பந்து மாற்றாந்தாய்ப் பிள்ளை. தலைக்கவசம் போட்டு முட்டிமோதும் ஃபுட்போல்தான் செல்லப்பிள்ளை. புதுச் சீருடை, நல்ல பஸ் எல்லாம் அதற்குத்தான். போன வருடம், ஃபுட்போலுக்குப் பலமான எதிரணிகள் வேண்டுமென்று, கல்லூரி வேறொரு விளையாட்டுக் கூட்டமைப்புக்கு மாற நினைத்தது. மாறினால் கூடைப்பந்துப் பெண்களும் கூடவே போகவேண்டும். பக்கத்து ஊரான லொங்குய்யுக்கு மெட்ரோவில் போய் ஆடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள், இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தூரத்து ஊர்களுக்கு அரைநாள் பஸ்ஸில் கிடக்கவேண்டும். பாதிப்பேர் விலகிவிடுவார்கள் என்று ஆரணி அழுதாள்.

“பெற்றோரின்ர கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்கோ அம்மா. மாறச் சொல்றவை எழும்புவினம். நீங்கள் சும்மா இருந்தாலே போதும்,” என்றாள்.

இதைவிடச் சுலபமான வேலை உண்டா? மூன்று தமிழ்க் குடும்பங்கள் ஒரு வரிசையை நிரப்பிக்கொண்டு சும்மா இருந்தோம். நிர்வாகி பிரெஞ்சில், மாற்றத்தை விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றார். அதே நேரம் பக்கக் கதவு திறந்து, கைத்தடியோடு ழீல் வந்தார். அவர் ஃபுட்போல் அணியின் பழைய பயிற்சியாளரும்கூட. ஆனால் எங்களுக்கு வந்தது வாத்தியார். முதலில் என் கணவர், பிறகு நான், பிறகு முழு வரிசையும் எழும்பிவிட்டோம். அவர் அமராமல் நாங்கள் எப்படி அமர்வது? அவரோ முழங்கால் நோவோடு ஆறுதலாக, மெல்ல மெல்ல நடந்து வந்தார். அதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். எங்கள் வரிசையால்தான் ஃபுட்போல் வென்றது. நிர்வாகி எங்களைப் பார்த்து “மெர்சி” என்று நன்றி சொன்னார். என் கணவர் கைகூப்பினார்.

ஆரணி தலையைப் பிடித்துக்கொண்டதைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. நிர்வாகியிடம் தவறைச் சொல்லிவிடுவோம் என்று புறப்பட்டோம். ழீல் முந்திக்கொண்டார். என் கணவரின் கையைப் பிடித்து, கூடைப்பந்துப் பெற்றோர் ஃபுட்போலுக்காக எழும்பித் தான் கண்டதேயில்லை என்று கண்கலங்கினார்.

“ஏனப்பா உண்மையைச் சொல்லேல்லை?” என்று காரில் ஆரணி கேட்டாள்.

“அந்த மனுசன் அழுதிட்டார் பிள்ளை. பேந்து என்னெண்டு சொல்றது?”

“நானும்தானே அழுறன்.”

அவர் காரைக் கிளப்பினார். நான் கைப்பைக்குள் அவளுக்கு ஒரு கைக்குட்டை தேடினேன்.

அணி பாதியாகிவிட்டது. மிஞ்சியவர்களில் ஆரணியும் ஒருத்தி. இப்போது சனிக்கிழமைகளில் எங்கோ தூரத்து அரங்குகளில் நாங்கள் அவளுக்காகக் கைதட்டுகிறோம். ழீலும் வருகிறார், நன்றி மறவாத மனிதர். அவர் தலை கதவில் தெரிந்ததும், பந்தைத் தட்டிக்கொண்டே ஆரணி என்னைப் பார்த்து, இருக்கும்படி கைகாட்டுகிறாள். மகள் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். வாத்தியார் வந்தால் எழும்பத்தான் வேண்டும். இருக்கையை விட்டு ஒரு சாண் எழும்பி, அவர் வந்து அமரும்வரை, அப்படியே நடுவில் நிற்கிறேன்.