தேதியைத்தான் சொன்னேன்

என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்து பத்து வருஷம் ஆகிறது. ஒரு நாள் காலையில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர், அரிவாள் கட்டிய கழியைப் பிடித்தபடியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் அன்றோடு போய்விட்டது. ஆள் நல்ல உயரம், நல்ல கனம். படுத்தே கிடந்தும் கனம் குறையவில்லை. அவரைத் திருப்பிப் போடுவது, தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். எங்களுக்கு ஒரே மகன். அவன் ரவாங் டவுனில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவான்.

அவரைப் பார்க்க வருகிறவர்கள் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்கள். "நீங்கதான்க்கா உண்மையான ஹீரோ" என்பார்கள். "வேற ஆளா இருந்தா எப்பவோ ஹோம்ல சேத்திருப்பாங்க" என்பார்கள். டீயைக் குடித்துவிட்டு, ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குச் சின்ன வயசிலிருந்தே நாலு பேர் முன்னால் பேச வராது. தலையைக் குனிந்துகொள்வேன். பொய் சொல்லக் கூடாது, அந்தப் பேச்சு கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

அப்போதெல்லாம் நாங்கள் முன்பு குடியிருந்த எஸ்டேட் தோட்டத்து எல்லையில் இருந்த காவல்சாமி ஞாபகம் வரும். கையில் அரிவாள், பெரிய மீசை, பக்கத்தில் குதிரை. வருஷத்துக்கு ஒரு முறை மாலை போட்டு, பொங்கல் வைத்து, சேவல் அறுத்துக் கும்பிடுவோம். பிறகு பானையைக் கழுவித் தூக்கிக்கொண்டு எல்லோரும் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பிவிடுவோம். சாமி அங்கேயே மழையில் நிற்கும். அதற்கும் கால் வலிக்குமே என்று ஒருத்தரும் நினைத்ததில்லை.

இனிச் சொல்லப்போவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மற்றது புரியாது. எனக்கு அடி இறக்கம். கர்ப்பப்பை கீழே இறங்கி வந்துவிடும். கல்யாணமான வருஷத்திலிருந்து மருந்துப் பம்பை முதுகில் சுமந்து, செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்து அடித்தவள் நான். பிறகு இவரைத் தூக்கினேன். முதலில் ஏதோ கனமாக இருக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் நடந்தாலே வெளியில் தெரிய ஆரம்பித்தது. இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஒரு நாள் ரத்தம் பட்டதும் பயந்துபோய் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். "ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணிகூட" என்றாள். வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார் என்று கேட்டாள். "என் வீட்டுக்காரர்" என்றேன்.

"நல்லது. அப்ப அவர் பாத்துக்குவார்" என்று எழுதிக்கொண்டாள்.

அவரே படுக்கையில் கிடக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் தேதி வந்தபோது அவரை யாரிடம் விடுவது என்று தெரியாமல், காய்ச்சல் என்று போன் பண்ணித் தள்ளிப் போட்டேன். இரண்டாவது தேதி கொடுக்கும்போது அங்கிருந்த மலாய்க்கார நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வழக்கப்படி அத்தை முறை சொல்லிப் பேசினாள். "மக்சிக், இந்தத் தடவையும் வராட்டி பேரு கடைசிக்குப் போயிடும். அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது. அதுக்குள்ள புண்ணாயிடும்."

லயத்தில் இருந்தபோது 'வந்து உதவி செய்' என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்பது கௌரவக் குறைச்சல். சேதியை மட்டும் சொல்வோம். 'நாளைக்கு ஆஸ்பத்திரி' என்று தண்ணிக் குழாயடியில் சொன்னால் போதும். பக்கத்தில் நிற்கிறவள், 'பிள்ளையை நம்ம வீட்ல விட்டுட்டுப் போ' என்பாள். சேதி சொன்னால் கேட்டதாக அர்த்தம். அதற்காக லயத்தை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அதே குழாயடியில்தான் முடியைப் பிடித்துச் சண்டையும் போட்டோம். ஆனாலும் அந்தப் பழக்கம் எனக்கு விடவில்லை. இப்போதும் சேதியைத்தான் சொன்னேன். மூன்று பேரிடம் சொன்னேன்.

முதலில் மகனுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, அடுத்த மாசம் முதல் செவ்வாக்கிழம எனக்கு ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க."

"அப்படியாமா? என்ன ஆபரேஷன்?"

ஆம்பளப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வது? "வயித்துலதான்" என்றேன்.

"பெருசா?"

"சின்னதுதான்ப்பா."

"ஓகேம்மா. ஒண்ணும் ஆகாதுலா, நீங்க ஸ்ட்ராங். அன்னிக்கு ஒண்ணும் சாப்பிடாமப் போகணும், அத மறந்துடாதீங்க." பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. வைத்துவிட்டான்.

அடுத்தது அசாம் ஜாவா ஊரில் இருக்கிற என் நாத்தனார். இவருடைய தங்கச்சி. வாய் கொஞ்சம் நீளம். "செவ்வாக்கிழமையா அண்ணி? நல்ல காரியத்துக்கு ஆகாதே. சரி, கத்தி வைக்கிறவனுக்கு நாள் என்ன, கிழமை என்ன" என்றாள். அவள் முட்டிவலியைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொன்னாள். பிறகு அண்ணனை விசாரித்தாள். நான் உடனே, "அவரைத் தூக்குறதுதான்..." என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டாள். "எங்கண்ணன உங்களத் தவிர யாருக்கு அண்ணி தூக்கத் தெரியும்? எமனே வந்தாலும் உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் தூக்கணும்."

நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றாவது, கோயில் மகளிர் பிரிவுத் தலைவி. அவள் தானாகவே வீட்டுக்கு வந்தாள், கையில் ஒரு ஃபாரத்தோடு. "அக்கா, இந்த வருஷம் உங்களத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம். 'வீட்டுக்குள் ஒரு வீராங்கனை'ன்னு பட்டம். பொன்னாடை போடுறோம். உங்க ஐசி படம் ஒண்ணு வேணும், பேனருக்கு."

நிகழ்ச்சி எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டேன். சொன்னாள். "அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு எனக்கு ஆபரேஷன்மா" என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்பாடா, இடிக்கலக்கா. நம்மது ஞாயிறுதானே" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

பிறகு காத்திருந்தேன். போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன். 'நான் வரேன்' என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் மேல் கோபமெல்லாம் இல்லை. அலுப்புதான். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, மறுபடியும் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். நம்பரைக்கூடக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

நிகழ்ச்சி புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு மண்டபத்தில். மகன் தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்து எங்களைக் கூட்டிப் போனான். இவருக்குப் புதுச் சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் முன்வரிசையில் விட்டோம். வாய் வடியும் என்பதால் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. மகன் பின்னால் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மேடையில் என் அடையாளக் கார்டுப் படத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

ஒருவர் பேசினார். சோர்வு என்றால் என்னவென்றே அறியாத தாய் என்றார். நான் தொடை இரண்டையும் ஒட்ட வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதிக நேரம் நின்றால் இறங்கிவிடும். எப்போது உட்காரச் சொல்வார்கள் என்பதுதான் என் நினைப்பு. பொன்னாடை போட்டார்கள். வெக்கையில் அது இன்னொரு கனம். பிறகு மைக்கை என் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றாள் தலைவி.

'எல்லாருக்கும் நன்றி, வணக்கம்' என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அதைச் சொல்லக் கீழே பார்த்தேன். இவர் துண்டு நழுவித் தரையில் கிடந்தது. எச்சில் புதுச் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழம எனக்கு ஆபரேஷன்" என்றேன். மைக்கில் அது வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "ஆறு வாரம் தூக்கக் கூடாதாம். இவரத் தூக்க யாராவது வருவீங்களா?"

கை தட்டல் நின்றது. நான் வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்து பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவி மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டாள். "பாத்தீங்களா, இந்த நேரத்துலயும் அக்கா தன்னப் பத்தி நெனைக்கல, வீட்டுக்காரரப் பத்தித்தான் நெனைக்கிறாங்க" என்றாள். மறுபடியும் எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது மகன் ஓட்டினான். இவர் முன் சீட்டில். நான் பின்னால் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது அவன் சொன்னான்.

"எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டீங்களேமா. பெத்த பிள்ள நான் இருக்கேன், நீங்க ஊர்க்காரங்கள கூப்பிடுறீங்க. என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"சொன்னேனேப்பா. போன்ல."

"தேதியச் சொன்னீங்க. வாடான்னு சொன்னீங்களா?"

நான் மடியில் இருந்த பொன்னாடையை மறுபடி மடித்தேன்.

"சின்ன ஆபரேஷன்னு சொன்னீங்க. ஆறு வாரம்னு சொன்னீங்களா? நீங்கதான் எப்பவும் சமாளிப்பீங்களே. நான் எதாவது செய்ய வந்தாலும், 'நீ விடு, உனக்குத் தெரியாது'ன்னு தள்ளி விடுவீங்க. நான் என்னன்னு நெனைக்கிறது?"

அவன் பொய் சொல்லவில்லை. லயத்தை இடித்தபோது அவனுக்கு நாலு வயசு. குழாயடிப் பேச்சு அவனுக்கு எங்கே தெரியும்? தள்ளி விட்டதும் உண்மைதான். அப்பாவை அவன் அந்தக் கோலத்தில் தொடக் கூடாது என்று நினைத்தேன். என்னை விட்டால் ஆளில்லை என்கிற பேர் போய்விடுமோ என்றும் நினைத்திருப்பேன், யாருக்குத் தெரியும்.

"என்ன ஆபரேஷன்மா?" என்று கேட்டான். இந்த முறை சொன்னேன். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். அவன் பச்சை விளக்கு விழுந்தும் காடியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அவனுக்கு இரண்டு வாரம்தான் லீவு கிடைத்தது. திங்கட்கிழமை சாயங்காலம் நாத்தனாரும் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள். மண்டபத்தில் நடந்தது அவள் காதுக்குப் போயிருக்கிறது. "மைக்ல கூப்பிட்டாத்தான் நாங்க வருவோம்னு நெனச்சிட்டீங்களா அண்ணி? மீதி நாலு வாரத்துக்கு நான் இருக்கேன். முட்டி இருக்கிற வரைக்கும் தூக்குறேன். எனக்கும் ஒரு பொன்னாடை சொல்லி வைங்க" என்றாள்.

வீரம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. பத்து வருஷம் தூக்கியது பழக்கம். காலையில் எழுந்தால் கை தானாகச் செய்யும். அந்த மைக்கைப் பிடித்துக் கேட்டதுதான் எனக்குப் பழக்கமில்லாதது. அதற்கு யாரும் பட்டம் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் வேண்டாம்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் அவர்கள் இரண்டு பேரும் இவரைத் தூக்கவில்லை. படுக்கையிலேயே துடைத்து விட்டிருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் இவர் குளிக்க வேண்டும் என்று அடம் பிடித்தார். பேச முடியாதே, துண்டைப் பிடித்து இழுத்து இழுத்துக் காட்டினார். நாத்தனார் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். மகன்தான் தூக்க வேண்டும்.

நான் பின் அறையில் படுத்திருந்தேன். கட்டில் கிறீச்சிட்டது. மகன் மூச்சு வாங்கினான். வாளி ஒன்று கவிழ்ந்தது. இவர் கத்தினார். பயத்தில் போடுகிற சத்தம் எது, வலியில் போடுகிற சத்தம் எது என்று எனக்குத் தெரியும். இது பயம். எழுந்திருக்கப் பார்த்தேன். ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டேன்.

"மா, எந்திரிக்காதீங்க" என்று அங்கிருந்தே சொன்னான். "எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். "நல்ல கைய உன் கழுத்துல போட்டுக்க. உன் முட்டிய அவர் முட்டிக்கு முட்டுக் குடு. முதுகால தூக்காத, காலால தூக்கு. கண்ணப் பாத்து, 'எந்திரிப்பா'ன்னு சொல்லு. சொன்னா அவரும் ஒரு பக்கம் தாங்குவாரு."

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. "எந்திரிங்கப்பா" என்றான். அப்புறம் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. குளியலறையில் தண்ணீர் விழுந்தது.

காலை எடுத்துப் படுக்கையில் வைத்துக்கொண்டேன். அவருக்குத் தலை துவட்டினானா, காது ஓரத்துச் சோப்பு போனதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.