நடக்கச் சொன்ன அறிவிப்பும் நடக்காதே என்ற அறிவிப்பும்

“ஏண்டி, இன்னிக்கி நடந்து போவணுமா, போவக் கூடாதா?” என்று தனக்கொடி சித்தி போனை என்னிடம் நீட்டினாள். நான் பன்னிரண்டாவது முடித்தவள் என்பதால், அவள் போனுக்கு வரும் டெல்லி அரசின் இந்தி அறிவிப்புகளை நான்தான் படித்துச் சொல்வேன். புகை அதிகம், வண்டியை விட்டு நடந்து செல்லுங்கள் என்றது ஒன்று. புகை அதிகம், வெளியில் நடக்காதீர்கள் என்றது அடுத்தது.

“எங்கிட்ட ஏதுடி காரு, உட்டுட்டு நடக்க?” என்று சித்தி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. தமிழர்கள் குடிசை போட்டு வாழ்ந்த எங்கள் மதராசி கேம்ப்பை இடித்தபின், ஜங்புராவில் அவள் வீட்டு வேலை செய்யும் இடத்துக்கு ஒரு மணி நேர நடை. அவளுக்கோ மூச்சிரைப்பு.

“போவாத சித்தி” என்றேன். அன்று வரவில்லையென்று அந்த வீட்டு மேடத்திடம் போனில் சொன்னாள்.

“அச்சா! காத்து சரியில்லேன்னுதான் நானே வீட்டுலேருந்து வேலை பாக்கறேன். நீ வரலேன்னா எப்படிம்மா?” என்றார் மேடம்.

மறுநாள் சித்தி போனபோது அங்கே வேறொருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பதினொரு வருட வேலை என் ஒரு வார்த்தையில் போய்விட்டது. இப்போது இன்னும் தூரத்தில் ஒரு வீட்டுக்கு, இதே புகையில் நடக்கிறாள். அறிவிப்புகளைப் படிக்கச் சொல்வதில்லை.

அவற்றை எழுதுகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை இதை ஒருவருக்கொருவர் அனுப்புங்கள்.