திருப்பிப் பாடச் சொன்னார்கள்

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் இன்னும் எனக்கு இடம் மாறிவிடும். தப்பு தெரிகிற இடத்தில் நீங்களே சரியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

கொல்கத்தாவில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை எனக்கு. தொண்ணூறுகளில் என்னைச் சங்கீத அறையில் போட்டிருந்தார்கள். பியானோவைத் துடைப்பேன், நாற்காலிகளை வரிசையாகப் போடுவேன். அங்கே ஒரு சைலபோன் இருந்தது. சின்னதும் பெரியதுமான மரக்கட்டைகளை அடுக்கி வைத்த வாத்தியம். உருண்டைத் தலை வைத்த இரண்டு குச்சிகளால் தட்ட வேண்டும். துடைக்கும் சாக்கில் தட்டித் தட்டியே அது எனக்குப் பழகிவிட்டது. சங்கீத நோட்ஸ் படிக்கவும் அங்கே பாட்டு சொல்லிக்கொடுத்த மிஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோடும் புள்ளியும்தானே, இங்கிலீஷ் இல்லை, அதனால் பயமும் இல்லை. பிள்ளைகள் தப்பாகத் தட்டினால் பக்கத்தில் போய் நின்று சரியாகத் தட்டிக் காட்டுவேன். பேச வேண்டியதில்லை. அந்த அறை எனக்கு அதனால்தான் பிடித்திருந்தது.

ஒரு வருஷம் புதிய பிரின்சிபால் வந்தார். வகுப்பறையில் பிள்ளைகளோடு இருக்கிற ஆளிடம் ஏதாவது ஒரு சர்ட்டிபிகேட் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசல் கேட்டுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். கேட்டில் நிற்கிறவர் பள்ளி விடும் நேரத்தில் மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். வெளியே ரோடு நிறைய அப்பா அம்மாக்கள் நிற்பார்கள். டீக்கடையில் சர்க்கரை குறைவு என்று சொல்லக்கூட வாய் வராதவன் நான்.

மிஸ் சின்ன வயசு வங்காளிப் பெண். என்னோடு ஹிந்தியில் பேசுவார். தாதா என்று கூப்பிடுவார், அண்ணா என்று அர்த்தம்.

"தாதா, வெளிநாட்டுக்காரங்க நடத்துற சங்கீதப் பரீட்சைல கிரேடு ஒன் குடுத்துடுங்க. உங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு."

"என்ன செய்யணும் மிஸ்?"

"மூணு பாட்டு வாசிக்கணும், சரிகம மாதிரி ஏறி இறங்குற ஸ்கேல் வாசிக்கணும். அப்புறம் அவங்க பியானோல சின்னதா ஒரு வரி வாசிப்பாங்க. நீங்க அதைத் திருப்பிப் பாடணும்."

"குச்சியால தட்டிக் காட்டட்டுமா?"

"இல்ல தாதா. வாயால."

பாட்டையும் ஸ்கேலையும் நான் மறந்தே போனேன். வாயால் என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

கிடர்பூரில் எங்கள் வீடு ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, பொண்ணு பாக்க வந்தன்னிக்கே ஒரு வார்த்தை பேசல. இப்ப பாட்டு வேறயா?"

ஆனாலும் அவளே ஒரு வரி முனகினாள். நான் திருப்பி முனகினேன். உடனே நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்: "என்ன தீதி, தாதாவுக்குப் பல்வலியா?"

அதோடு வீட்டில் பாடுவதை விட்டேன். காலையில் டிராமில் போகும்போது இரண்டாவது வண்டியில் கடைசி ஜன்னலோரம் உட்காருவேன். ஊர் நடுவில் இருக்கிற பெரிய மைதானத்துக்குள் போகும்போது சக்கரம் போடுகிற சத்தத்தில் எதுவும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு 'லா லா' என்று பாடுவேன். இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் நடுவழியில் கரண்ட் போய் டிராம் சட்டென்று நின்றது. என் 'லா' மட்டும் நிற்கவில்லை. வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நிறுத்தாதீங்க தாதா," என்றார் கண்டக்டர். "கரண்ட் வர நேரமாகும்."

இறங்கி மைதானத்தில் நடந்தேன். பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் பாடிப் பழகவே இல்லை.

பரீட்சை ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில், வேறொரு பள்ளிக்கூடத்தில். வராந்தாவில் வரிசையாகப் பிள்ளைகள், பக்கத்தில் அம்மாக்கள். பிள்ளைகள் எல்லாரும் என் இடுப்பு உயரம். மிஸ் என் முதுகைத் தட்டி உள்ளே அனுப்பினார். மேஜைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு வெளிநாட்டு அம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலி கோணலாக இருந்தது, நேராக்கினேன். சைலபோனில் தூசி இருந்தது, கைக்குட்டையால் துடைத்தேன். குச்சிகளை எடுத்து மேலே வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். அவர் நிமிர்ந்து "தேங்க் யூ" என்று சிரித்து, கேண்டிடேட்டை உள்ளே அனுப்பச் சொன்னார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

"என்ன தாதா, அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றார் மிஸ்.

"கேண்டிடேட்டைக் கூப்பிடுறாங்க மிஸ்."

"அட கடவுளே, கேண்டிடேட் நீங்கதான்!"

அம்மாக்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மறுபடி உள்ளே போய், "மேடம், ஐ ஆம் கேண்டிடேட்" என்றேன். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி மன்னிப்புக் கேட்டார்.

ஒருமுறை தட்ட வேண்டிய இடத்தில் குச்சி இரண்டுமுறை துள்ளியது. ஆனாலும் மூன்று பாட்டையும் முடித்தேன். பிறகு அவர் பியானோவில் உட்கார்ந்து ஒரு வரி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அடுத்த வரிக்கும் அப்படியே. கேட்டும் மைக்கும் கண்ணுக்குள் வந்து நின்றன. மூன்றாவது வரிக்கு அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது என் குரல் வந்தது. உடைந்த குரல்தான், ஆனால் சுரம் சரியாக இருந்தது. எனக்கே தெரிந்தது.

பல வாரம் கழித்துக் காகிதம் வந்தது. பாஸ், அவ்வளவுதான். பாடும் பகுதியில் மிகக் குறைந்த மார்க். பிரின்சிபால் அதைப் பார்த்துவிட்டு, சங்கீத அறையிலேயே இருக்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் மறுநாளே மிஸ், "இனிமே நீங்க சர்ட்டிபிகேட் வாங்கின ஆள். சின்னப் பிள்ளைங்களுக்குத் திருப்பிப் பாடுறதை நீங்களே பழக்குங்க," என்று ஏழு பிள்ளைகளை என் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனார். ஏழு பேரும் என் வாயையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு வரி பாடினேன். அவர்கள் என்னைவிடச் சத்தமாகத் திருப்பிப் பாடினார்கள்.

அந்த வகுப்பு இன்னும் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலமே நாளைக்கு லீவு போடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். இருந்தாலும் போய்விடுகிறேன்.

எழுதி முடித்தது: 2007 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை.