எடுப்பில்லாத கலர்

போன வாரம் மகள் என் கையைப் பிடித்துத் திருப்பி மணிக்கட்டை உற்றுப் பார்த்தாள். "என்னட்டி, எனக்குக் காய்ச்சலா?" என்றேன். "சும்மா இரும்மா. நரம்பு பச்சையா இருக்கா நீலமா இருக்கான்னு பாத்தா, ஒனக்கு எந்தக் கலரு சேரும்னு போனு சொல்லிரும்" என்றாள். சொல்லியும்விட்டது. அதோடு நிற்காமல் என் படத்தின் மேல் ஒரு சேலையையும் போட்டுக் காட்டியது. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தேன். "நல்லாத்தானம்மா இருக்கு" என்றாள். நல்லாத்தான் இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றேன். மகளின் போன் இப்போது செய்கிற வேலையை அப்போது நான் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சுற்றுப்பட்டிப் பெண்களுக்கு மாமியார், கொழுந்தன் முன்னால் சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கக் கூச்சம். அதனால் முதலாளி அண்ணாச்சி ஒரு வழக்கம் வைத்திருந்தார். வந்தவளின் நிறத்துக்கும் உடம்புவாகுக்கும் ஒத்த விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் மேல் சேலையைப் போட்டுக் காட்டுவார். நாங்கள் மூன்று பேர். ஒருத்தி சிவப்பு, ஒருத்தி மாநிறம், அப்புறம் நான். எங்கள் ஊர்க் கரிசல் மண்ணோடு நின்றால் என்னைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உயரம் வேறு, ஒட்டடைக்கம்பு கணக்காக.

புதுத்துணியின் கஞ்சி வாசம் எங்கே வந்தாலும் அந்தக் கடைதான் எனக்கு ஞாபகம் வரும். குட்டையானவளுக்குப் பெரிய பார்டர் கொடுத்தால் பார்டர் மட்டும்தான் நடந்து போகும் என்று அங்கேதான் கற்றேன். டியூப்லைட்டை நம்பாமல் சேலையை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவும் அங்கேதான் கற்றேன். கறுப்பிக்கு வெளிர் நிறம் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். வெளிர் ரோஸில் நான் சாம்பல் பூத்துப்போவேன். மஞ்சளும் அரக்கும் போட்டால் என் முகத்தில் விளக்கு வைத்த மாதிரி இருக்கும். நானே சொல்லிக்கொள்கிறேன், சிரிக்காதீர்கள்.

பேச்சியம்மாள் விளாத்திகுளம் பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அப்படியே என் நிறம், என் உயரம். கல்யாணமான புதிதில் புருசனோடு வந்தாள். நேரே அந்த மாம்பழ மஞ்சளில் கை வைத்தாள். நான் அதைத் தோளில் போட்டு நின்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இது எடுப்பா இருக்கே. வேண்டாம். எடுப்பில்லாத கலராக் காட்டுங்க. இவ தெருவுல போனா ஒருத்தனும் திரும்பிப் பாக்கக் கூடாது" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தோம். அவன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சேலையாக என் மேல் போடச்சொல்லி, எதில் நான் படுமோசமாகத் தெரிந்தேனோ அதை எடுத்துக்கொண்டு போனான். "ஏட்டி, ஒன்ன அசிங்கமாக் காட்டுத சேலைக்கும் ஆளு வந்துட்டு" என்று மற்ற இருவரும் என்னை ஓட்டித் தள்ளினார்கள்.

அடுத்த தடவை முழங்கையைத் தாண்டிய ரவிக்கையில் வந்தாள். அதற்கடுத்த தடவை, அந்த வேக்காட்டிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தாள்; அது விலகியபோது கன்றிய தடம் தெரிந்தது. கடையில் சிரிப்பு நின்றுபோனது. அவன் பீடி பற்றவைக்க வாசலுக்குப் போனபோது, "அந்த மஞ்சள ஒருக்காப் போடுதீங்களா?" என்று கேட்டாள். போட்டேன். கண்ணாடியில் என்னையே பார்த்தாள். "நீங்க உடுத்தா நானே உடுத்த மாதிரி இருக்கு. கொஞ்சம் எடுக்காம இருங்க" என்றாள். "வீட்டுல யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்றேன். "அண்ணன் இருக்காவ. சொன்னா இவர வெட்டிப்போட்டுருவாவ" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். அவன் உள்ளே வந்துகொண்டிருந்தான்.

பங்குனி வெயிலில் ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். காலில் செருப்பில்லை. கண் சிவந்திருந்தது, மிளகாய்வத்தல் மூடை ஏற்றிவிட்டு வருகிறாராக்கும் என்று நினைத்தேன்.

"எந்தங்கச்சிக்கு ஒரு சேல வேணும் தாயி. பேச்சியம்மா. இங்கனதான் எடுப்பாளாம். ஒன்ன மாதிரிதான் இருப்பா. எடுப்பா ஒண்ணு குடு."

எனக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. அண்ணனுக்கு விசயம் தெரிந்துவிட்டது, இனிமேல் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று மனசு துள்ளியது. "அவிய ஆசப்பட்ட கலரு எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்று ஓடிப்போய் அந்த மஞ்சளை எடுத்து என் தோளில் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினேன். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். "ஏ பிள்ள, அத எடு. மொதல்ல தோள்ல கெடக்கத எடு." அப்புறம் குரலை இறக்கி, "கோடிக்கா?" என்று கேட்டார்.

பிறந்த வீட்டார் கடைசியாக இறந்தவள் உடம்பின் மேல் போர்த்துகிற சேலை அது. அதை உயிரோடிருக்கிறவள் மேல் போட்டுப் பார்ப்பார்களா? எங்கள் கடை வழக்கத்தில் எனக்கு அதுதான் நடந்தது.

"கெணத்துல தவறி விழுந்துட்டாளாம். அவன் சொல்லுதான்" என்றார் அண்ணன். "அந்தக் கெணத்துல தண்ணி முழங்காலுக்குத்தான் கெடக்கு தாயி."

தீபாவளிக்கு அவன் மறுபடியும் வந்தான். கூட ஒரு புதுப்பெண், நல்ல சிவப்பு. எங்களில் சிவப்பானவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவள் மேல் ஒரு கிளிப்பச்சையைப் போட்டதுமே, "எடுப்பில்லாத கலராக் காட்டுங்க" என்றான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "மூத்தவளுக்குக் கோடிச்சேலையும் இங்கனதான் எடுத்தாவ" என்றேன். முதலாளி என்னை அதட்டினார். அந்தப் பெண் மெல்ல நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஒன்றும் எடுக்காமல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவனோடுதான் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் கடைக்கு வரவேயில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். ஆளுயரக் கண்ணாடி போயிற்று, முதலாளியும் போய்விட்டார். சேலையெல்லாம் பார்சலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. மகள் தூங்கிய பிறகு அவள் போனை எடுத்து, எனக்குச் சேராத கலர் எது என்று கேட்டுப் பார்த்தேன். வரிசையாகக் காட்டியது. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.